ஒன்பதாம் வகுப்பு, இரண்டாம் பருவம்

ஜனவரி 10

பெரியவள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அம்மா, இனிமே மார்க் கிடையாதாம். எழுத்துதான்."

நான் சின்னவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. என்ன எழுத்து, எப்போதிலிருந்து, யார் சொன்னது? "இந்த வருஷத்துலேர்ந்தே. எங்க செட்டுக்குத்தான் முதல்ல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். மழை வருமாம் என்று சொல்வதைப் போல.

அதற்குள் பெற்றோர் வாட்ஸப் குழு தீப்பிடித்திருந்தது. எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன், எழுதினால்தான் எனக்கு நிற்கும். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு உண்டு. ஆனால் அது பாதிதான். மீதி பாதி, ஒன்பதிலும் பத்திலும் ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பில் வாங்கிய தரம். ஏ-யிலிருந்து ஈ வரை ஐந்து எழுத்து. பழைய மார்க்குகளையும் பள்ளியே எழுத்தாக மாற்றிவிடும். கடைசியில் பாடத்துக்கு ஒரே ஓர் எழுத்து அச்சாகும்.

ஒன்பதும் சேர்த்தி. அதாவது போன வருஷமும்.

இரண்டாம் தடவை படித்தபோதுதான் அது உறைத்தது. சின்னவன் கரண்டியைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

ஜனவரி 11

போன வருஷம் இரண்டாம் பருவம் முழுக்க நான் படுக்கையில். சின்னவன் வயிற்றில் நிற்பானா மாட்டானா என்று இருந்த நேரம். இடது பக்கமாகப் படுக்க வேண்டும், பாத்திரம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்கும்வரை அங்கேதான். வீட்டைப் பார்த்துக்கொண்டது யார்? பதினாலு வயசுப் பெண். சமையல், துணி, என் மாத்திரை, தண்ணீர் மோட்டார், எல்லாம். இவர் அப்போதுதான் அவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அந்தப் பருவத்தில் கணக்கில் அவள் ஈ.

அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புதானே, யார் கேட்கப் போகிறார்கள், பத்தாவதில் பிடித்துக்கொள்ளலாம் என்று நானே அவளிடம் சொன்னேன். பிடித்தும் காட்டினாள். இந்த வருஷம் முதல் பருவத்தில் பி, இரண்டாவதில் ஏ.

பதினொன்றில் அறிவியல் பிரிவில் சேர, கணக்கில் குறைந்தது பி வேண்டும்.

ஜனவரி 12

ஏ-க்கு ஐந்து, பி-க்கு நான்கு என்று நானே வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். சி வருகிறது. பொதுத்தேர்வில் ஏ வாங்கினால்? பி-க்கு ஒரு மயிரிழை கீழே. வேறு மாதிரி போட்டேன். அப்போதும் சி.

ஜனவரி 15

ஞாயிறு, பொங்கல். இவர் வீட்டில் இருந்தார். காலையிலிருந்து நான் கால்குலேட்டரும் கையுமாக அலைவதைப் பார்த்துவிட்டு, "என்ன கெமிஸ்ட்ரி, இன்னும் விடை வரலியா?" என்றார். கல்லூரியில் நான் வேதியியல் படித்ததை இவர் இந்தப் பெயரை வைத்தே காப்பாற்றி வருகிறார்.

விஷயத்தைச் சொன்னேன். "ஏ, பி, சி எல்லாம் எங்க கடைச் சுவத்துல தொங்குது. கீழ் வரிவரைக்கும் படிச்சா கண்ணாடி வேணாம், அவ்ளோதான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுவரையே இடித்திருப்பேன்.

"அவளுக்கு ஈ இருக்கு. உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

"ஈதானே. விரட்டிடலாம்."

பெரியவள் உள்ளே இருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்காகத்தான் அப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கையில் இருந்த டம்ளரை வைக்கும்போது மேசை ஓரத்தில் இடித்துக்கொண்டார். அவரும் உள்ளுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஜனவரி 19

நாத்தனார் போன் செய்தாள். அவள் மகனும் பத்தாவதுதான், வேறு பள்ளி.

"எங்க பையனுக்கு எல்லாத்துலயும் ஏ அண்ணி, ரெண்டு வருஷமும். இனிமே உழைக்க ஒண்ணும் இல்லாமப் போச்சேன்னுதான் எனக்குக் கவலை."

பாவம். இப்படியும் ஒரு கவலை.

"உங்க பொண்ணுக்குத்தான் அப்போ வீட்டு வேலை சரியா இருந்திருக்கும். நீங்களும் என்ன பண்ணுவீங்க, அந்த வயசு இடைவெளியில ரெண்டாவது" என்று இழுத்தாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"சின்னவன் அழறான்" என்று வைத்துவிட்டேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வேண்டும் என்று அத்தனை வருஷம் கேட்டது நான்தான். இவர்கூட, இருக்கிற ஒன்றே போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கிடைத்தது. அதற்கான விலையை வேறு ஒருத்தி தலையில் கட்டிவிட்டேனா?

ஜனவரி 22

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3

டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தேன். போன வருஷம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை படுக்கையில் இருக்கச் சொன்னார் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். "எதுக்கும்மா இப்ப?" என்றார். மகளின் படிப்புக்கு என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

இதைப் பள்ளியில் காட்டினால் மனசு இரங்க மாட்டார்களா. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே.

பெரியவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு விளையாட்டு வகுப்பு இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகலாம் என்று இருக்கிறேன்.

பிப்ரவரி 6

சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது, அவனைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் இரங்குவார்கள் என்று நினைத்தேன். அவனோ தலைமை ஆசிரியையின் மேசைமணியைப் பார்த்த நொடியிலிருந்து அதை அடித்துக்கொண்டே இருந்தான். பியூன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியை சான்றிதழை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு என் பக்கமே திருப்பி வைத்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா புது முறையில இதை வாங்கி வைக்க ஓர் இடம் இல்ல. காரணம் சொன்னா தரத்தை மாத்தலாம்னு எங்கேயும் கிடையாது. எல்லார் வீட்லயும் ஏதோ ஒரு காரணம் இருக்கும். எது பெரிசு எது சின்னதுன்னு நாங்க உக்காந்து எடை போட முடியாதில்ல?"

"அப்ப அவ ஈ அப்படியேதானா மேடம்?"

"அப்படிச் சொல்லல. பலகைத் தேர்வுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. ஏதாவது ஒரு பருவம் மத்ததோட ஒட்டாம ரொம்பக் கீழ இருந்தா, அந்தப் பருவத்துப் பாடத்தை மட்டும் பிள்ளை வந்து கரும்பலகையில செஞ்சு காட்டலாம். நம்ம வாத்தியார் ஒருத்தர், வெளிப்பள்ளி வாத்தியார் ஒருத்தர். மூணு கணக்கு. வாயால விளக்கிக்கிட்டே போடணும். நல்லா செஞ்சா பழைய தரத்தை எடுத்துட்டு இதை வெச்சுக்குவோம்."

நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். இப்போதே பெயர் கொடுக்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"பிள்ளைங்கதான் கொடுக்கணும். அம்மா அப்பாகிட்ட நாங்க வாங்கறதில்ல."

"அவ கொடுத்திருக்காளா மேடம்?"

அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "அதை அவகிட்டயே கேளுங்களேன்."

சின்னவனிடமிருந்து மணியைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 6, தொடர்ச்சி

மத்தியானம் எழுதியதோடு முடியவில்லை.

பெரியவள் வந்ததும் பையைத் தூக்கி நாற்காலியில் போட்டாள். அவள் எதையும் போடுகிறவள் இல்லை.

"ஸ்கூலுக்கு வந்தியா?"

மறைத்து என்ன பயன். மணிச் சத்தம் மாடி வகுப்புவரை கேட்டிருக்கிறது. வராந்தாவில் எட்டிப் பார்த்த ஒரு பெண், 'உன் தம்பிதாண்டி' என்று சொல்லிவிட்டாளாம்.

சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே குரல் தேய்ந்தது.

"நீ படுத்திருந்ததை எதுக்கும்மா அங்க போய்ச் சொல்ற?"

"அதுதானேடி உண்மை. நீ படிக்காமலா விட்ட? எங்களுக்காகத்தானே விட்ட."

"அப்ப தம்பியாலதான் எனக்கு மார்க் போச்சுன்னு ஸ்கூல்ல எழுதி வெச்சுக்கணுமா? அவனும் நாளைக்கு அங்கதானே படிப்பான். யாராவது எடுத்துக் காட்டினா?"

ஒரு மாதமாக நான் எதை எதையோ போட்டுப் பார்த்தேன். இது ஒன்று என் புத்திக்கு எட்டவே இல்லையே.

"அவன் வந்ததுல எனக்கு ஒண்ணும் போகலம்மா. முக்கோணவியல் மட்டும் போச்சு. அதைப் படிச்சுக்கலாம்."

பிறகு, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு: "பலகைத் தேர்வுக்குப் பேர் கொடுத்துட்டேன். போன மாசமே."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அன்னிலேர்ந்து சாப்பிட மாட்ட. உன்னையும் நான்தான் பாத்துக்கணும். அதுக்கு எனக்கு நேரமில்ல."

அடி வாங்கின மாதிரி இருந்தது. ஆனால் பொய் என்று சொல்ல முடியுமா?

பிப்ரவரி 7

அவள் பேசவில்லை. நானும். சின்னவன் மட்டும் இரண்டு பேரிடமும் மாறி மாறிப் பேசினான், அவன் மொழியில்.

பிப்ரவரி 8

பாத்திரம் தேய்க்கும்போது ஆய்வக ஞாபகம் வந்தது. சின்னவனுக்காக விடுப்பு எடுப்பதற்கு முன் நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். ஒரு மாதிரித் தண்ணீரை மூன்று தடவை சோதிப்போம். இரண்டு தடவை ஒரே அளவு வந்து, ஒரு தடவை மட்டும் எங்கேயோ தள்ளி வந்தால், அந்த மூன்றையும் கூட்டி வகுத்து எழுதுகிற ஆளை அங்கே ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். ஒட்டாததை ஒதுக்கிவிட்டு இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டும், அதுதான் முறை. கை நடுங்கியது, குழாய் அடைத்திருந்தது என்றெல்லாம் யாரும் காரணம் எழுதிக்கொண்டிருப்பதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. திரும்பச் செய். அவ்வளவுதான்.

எத்தனை வருஷம் செய்த வேலை. சொந்தப் பெண் என்றதும் எல்லாம் மறந்து, கூட்டி வகுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புது முறையைப் போட்டவர்களில் ஒருத்தராவது ஆய்வகத்தில் வேலை பார்த்திருப்பார் என்று இவரிடம் சொன்னேன். "கண்ணாடிக் கடையிலயும் அதான். ஒரு தடவை தப்பாப் படிச்சா லென்ஸை மாத்திப் போட்டுத் திரும்பப் படிக்கச் சொல்லுவோம். உன் கதையைச் சொல்லுன்னா கேக்கறோம்?" என்றார். இந்த மனிதர் சில சமயம் உருப்படியாகவும் பேசுகிறார்.

சான்றிதழை அலமாரியில் என் பழைய ஸ்கேன் படங்களோடு வைத்துவிட்டேன். அதற்கு அதுதான் இடம்.

பிப்ரவரி 9

காலையில் தலை பின்னும்போது சொன்னேன்: "நான் போயிருக்கக் கூடாது."

"ம்."

"இனிமே உன் ஸ்கூல் விஷயம் உங்கிட்ட கேக்காம எங்கேயும் போக மாட்டேன்."

"ம். வலிக்குது, மெதுவா இழு."

போதும் எனக்கு.

பிப்ரவரி 12

பலகைத் தேர்வில் வாய் ஓயக் கூடாதாம். போடுகிற ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று சொல்ல வேண்டும். இவளோ கணக்கைக் கண்ணால் பார்த்துக் கையால் முடித்துவிட்டு எழுந்து போகிற ரகம். நான் உட்கார்ந்து கேட்கட்டுமா என்றேன். ஒரே வார்த்தை: "வேணாம்." நான் தலையை ஆட்டுகிற விதத்திலேயே விடை சரியா தப்பா என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறதாம். ஆட்டாமல் இருக்கிறேன் என்றேன். "உன்னால முடியாது" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

ஆகவே மாணவனாகச் சின்னவனைப் பிடித்துக்கொண்டாள். அலமாரிக் கதவின் பச்சைப் பெயிண்டில் சாக்பீஸ் நன்றாக எழுதுகிறது. அவனை அதன் முன்னால் தலையணைகளுக்கு நடுவில் உட்கார வைத்து, "இங்க பாருடா, இது செங்கோணம். இதுக்கு எதிர்ல இருக்கறதுதான் கர்ணம். ஏன்?" என்கிறாள்.

"தா" என்கிறான். அவனுக்குச் சாக்பீஸ் வேண்டும்.

"தப்பு. எழுந்து நில்லு."

எழுந்து நின்றான். கதவைப் பிடித்துக்கொண்டு, கர்ணத்தைக் கையால் அழித்தான்.

சமையலறையில் நின்றபடி நெடுநேரம் சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு.

பிப்ரவரி 18

சின்னவன் ஒரு முழுச் சாக்பீஸைத் தின்றுவிட்டான். நான் பதறிப்போய் டாக்டருக்குப் போன் அடித்தேன். "ஒண்ணும் ஆகாதும்மா. எந்தப் பாடம்?" என்றார் அந்த டாக்டர். இந்த ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்தால்தான் கிண்டல் அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் போல.

பிப்ரவரி 25

இரண்டு வாரத்தில் அவள் பேச்சு மாறியிருக்கிறது. முதலில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தவள், இப்போது, "இந்த எடத்துல எல்லாரும் நேரா பெருக்கிடுவாங்க. நாம பெருக்கக் கூடாது. ஏன்னா" என்று நிறுத்தி, மாணவன் முகத்தைப் பார்க்கிறாள். அவன் கொட்டாவி விட்டால், "சரி, உனக்குப் புரியல, வேற மாதிரி சொல்றேன்" என்று திரும்ப ஆரம்பிக்கிறாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பள்ளியில் நான் மனப்பாடம் செய்து எழுதித் தப்பித்த இடம் அது.

மார்ச் 3

நாளைக்கு. அவள் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள், பாட்டு வேறு.

தப்பித் தவறி நடுவில் நின்றுவிட்டால்? வெளிப்பள்ளி வாத்தியார் சிடுமூஞ்சியாக இருந்தால்? பேசாமல் இருந்திருந்தால் சி-யாவது மிஞ்சும், இதில் இன்னும் கீழே போய்விட்டால் - போகாது, ஈ-க்குக் கீழே எழுத்தே கிடையாது. தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், எனக்கே.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

மார்ச் 4

பெற்றோர் வாசலோடு நிற்க வேண்டும். எதிரே ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றோம், நானும் சின்னவனும் இன்னும் சில அம்மாக்களும். ஒருத்தி என்னைப் பார்த்து, "தங்கச்சிக்கா துணைக்கு வந்தீங்க?" என்றாள். மகள் என்றேன். நம்பாமல் ஒரு தடவை, சின்னவனைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பத்தொன்பதில் கல்யாணம், பெரியவளை மடியில் வைத்துக்கொண்டு படித்து முடித்த பட்டம், இத்தனையையும் ஜெராக்ஸ் கடை வாசலில் எங்கே விளக்குவது.

பெரியவள் வந்தாள். முழங்கைவரை சாக்பீஸ் தூள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கவே இல்லை. தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். பாதி குடித்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"முதல் கணக்கு சுலபம். ரெண்டாவது தப்பாப் போட்டுட்டேன்."

சின்னவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்புறம் விளக்கிக்கிட்டே வரும்போது, சார், இது சரியா வராதுன்னு நானே நிறுத்திட்டேன். எங்க தப்புன்னு கண்டுபிடிச்சு, அழிச்சு, திரும்பப் போட்டேன். வெளி சார் கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டே இருந்தாரு. மூணாவது கோபுரக் கணக்கு. அது தம்பிக்கு நான் பத்து தடவை நடத்தினது."

நடந்துகொண்டே இருந்தோம். சின்னவன் அவள் தோளுக்குத் தாவி, சாக்பீஸ் வாசனையைக் கண்டுகொண்டு அவள் விரலை வாயில் போட்டான்.

"முடிச்சதும் வெளி சார் கேட்டாரு. இவ்ளோ நல்லா சொல்ற, ஒன்பதாவதுல ரெண்டாம் பருவம் மட்டும் என்ன ஆச்சுன்னு."

நான் நின்றுவிட்டேன். "என்ன சொன்ன?"

"வீட்ல ஒரு வேலை இருந்துச்சு சார், நல்லபடியா முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்."

தெருவிலேயே அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். "அம்மா, வாயேன், மானம் போகுது" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகட்டும். அழுது இத்தனை லேசாக இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

மார்ச் 5

நேற்று எழுதியதைப் படித்தேன். நல்லபடியா முடிஞ்சிடுச்சு. அவள் வாயிலிருந்து.

ஏப்ரல் 3

பொதுத்தேர்வு ஆரம்பம். எழுத எதுவும் இல்லை. எழுதிவிட்டு வருகிறாள், சாப்பிடுகிறாள், அடுத்ததைப் படிக்கிறாள். பலகைத் தேர்வின் விடை, எல்லாவற்றோடும் சேர்ந்து கடைசியில்தான் தெரியுமாம்.

ஏப்ரல் 13

கணக்குத் தேர்வு நன்றாக எழுதியிருக்கிறாளாம். "நல்லான்னா?" என்று நாக்கு நுனிவரை வந்தது. கூடவே ஒரு வாய்ச் சோற்றைப் போட்டு விழுங்கிவிட்டேன்.

மே 19

வந்துவிட்டது.

இவர் கடையில் வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனில் பார்த்திருக்கிறார். உடனே எனக்குப் போன் செய்தார். பின்னால் யாரோ, "தம்பி, எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று கத்துவது கேட்டது. ஒரு கண்ணில் லென்ஸ் போட்டு, மறு கண்ணை மூடியபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறார் மனிதர்.

"பி" என்றார் கடைசியில். "கெமிஸ்ட்ரி, கணக்குல பி."

மற்றதெல்லாம் அப்புறம்தான் கேட்டேன். அறிவியல் ஏ. மொழிப்பாடம் ஏ. சமூக அறிவியல் சி, அதை இந்த வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பள்ளிக்குப் போன் செய்தபோது கணக்கு சார் எடுத்தார். பலகைத் தேர்வில் பி-தான் கொடுத்தார்களாம், ஏ இல்லை. "ரெண்டாவது கணக்குல தடுக்கிட்டாம்மா. ஆனா வந்திருந்த சார் எங்கிட்ட சொன்னாரு, தப்பைத் தானே நிறுத்தின பிள்ளையை இன்னிக்குத்தான் பாத்தேன்னு."

பெரியவளைத் தேடினேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கிளிப்பை வாயில் கவ்வியபடி என்னையே பார்த்தாள். அப்புறம் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவ்வளவு கனமாக அவள் என் மேல் சாய்ந்து இரண்டு வருஷம் இருக்கும். அந்தத் தைரியமெல்லாம் எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் என் தோளுக்குத் தெரிந்தது.

"பயமா இருந்துச்சும்மா" என்றாள், என் புடவைக்குள்.

"எனக்குத் தெரியலியேடி."

"உனக்குத் தெரிஞ்சா முடியுமா?"

துணியை நான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மே 20

நாத்தனார் கூப்பிட்டாள். அவள் மகனுக்கு எல்லாம் ஏ. மனசார நல்லது என்றேன், உண்மையாகவே மனசார. "கேட்டா எதுல சேரணும்னு சொல்ல மாட்டேங்கறான் அண்ணி. எதையும் சொல்ல மாட்டேங்கறான், கதவைச் சாத்திக்கறான்" என்றாள். இந்தத் தடவை வாக்கியத்தை முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பையனை இங்கே அனுப்பு, பெரியவளோடு பேசிக்கொண்டிருக்கட்டும் என்றேன்.

ஜூன் 12

அறிவியல் பிரிவு. இடம் கிடைத்துவிட்டது. நானும் வரும் மாதத்திலிருந்து ஆய்வகத்துக்குத் திரும்புகிறேன். சின்னவனுக்குக் குழந்தைகள் காப்பகம் பார்த்தாயிற்று. காப்பகச் சுவர் முழுக்க எழுத்துகள். அவன் நேராகப் போய் ஒன்றை நக்கிப் பார்த்தான்.

ஜூலை 5

பதினொன்றாம் வகுப்பில் முதல் வகுப்புத் தேர்வு. இயற்பியல். நான் வேலையிலிருந்து வந்து தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பெரியவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, டி."

"கேட்டுச்சு. தட்டை எடு."

எடுக்கவில்லை. "டி-ம்மா. கணக்குப் போட்டுப் பாக்கலியா?"

"எந்த எடத்துல இடறுச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி."

கொஞ்சம் ஏமாற்றத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று தோன்றியது. இவர் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கெமிஸ்ட்ரி, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.

நாளைக்கு எனக்கு ஆய்வகத்தில் காலை முறை. "தம்பியை நான் போற வழியில காப்பகத்துல விட்டுடறேன்மா, நீ முன்னாடி கிளம்பு" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு அரை மணி தாமதமாக வர அனுமதி கேட்டுக்கொண்டேன். நானே விட்டுவிட்டுப் போகிறேன்.

அவளுக்கு நாளைக்கு முதல் பாடவேளையே கணக்கு.